நவம்பருக்கு முன்னால் ஒரு தேர்தல் இருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு எண்ணோடு தொடங்குகிறேன்: 30,249. 2024 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் 16-ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொகுதியில், நவம்பர் தேர்தலில் யார் யார் நிற்பது என்று முடிவு செய்யும் பிரைமரி தேர்தலில் இவான் லோ என்ற வேட்பாளர் வாங்கிய வாக்குகள் இவை. ஜோ சிமிட்டியன் வாங்கியதும் அதே 30,249தான். இரண்டாம் இடத்துக்கு இருவரும் சமம். மறுபடி எண்ணினார்கள். லோ ஐந்து வாக்கு முன்னால் வந்து நவம்பர் போட்டிக்குப் போனார்; சிமிட்டியன் அத்தோடு வெளியே. பாலோ ஆல்டோ, மவுன்டன் வியூ, சான் ஹோசேயின் ஒரு பகுதி எல்லாம் அடங்கிய தொகுதி அது. அங்கே எத்தனை அபார்ட்மென்ட் வளாகங்களில் மாலை நேரத்தில் தமிழ் கேட்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"கலிஃபோர்னியா எப்படியும் டெமாக்ரட்டுக்குத்தான், என் ஒரு ஓட்டு எதுக்கு?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். நவம்பரில் நடக்கும் அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை அது கிட்டத்தட்ட உண்மைதான், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் எந்தக் கட்சி ஜெயிக்கும் என்பது முன்பே தெரிந்த இடத்தில், அந்தக் கட்சியில் யார் என்பதுதானே மிச்சமிருக்கும் கேள்வி? அதை முடிவு செய்வது பிரைமரி. அப்போது வராமல் நவம்பரில் மட்டும் வருவது, நிச்சயதார்த்தம் முடிந்து மண்டபமும் பேசிய பிறகு பெண்ணைக் கூப்பிட்டு "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பது மாதிரி.

நமக்கு இந்தப் பழக்கம் இல்லாததற்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. நம்மூரில் கட்சிக்காரர்கள் விருப்ப மனு கொடுப்பார்கள், நேர்காணல் நடக்கும், தலைமை பட்டியலை அறிவிக்கும். வேட்பாளர் யார் என்பதில் வாக்காளருக்கு வேலையே இல்லை. பட்டியல் வந்த பிறகுதான் நாம் களத்துக்கு வருவோம். இங்கே பட்டியல் போடுகிற வேலையையே நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள், நாம் தபாலில் வரும் அந்த வாக்குச்சீட்டு உறையைக் குப்பையில் போடுகிறோம். இதில் நாம் மட்டும் தனி இல்லை, மாநிலமே அப்படித்தான். 2014 ஜூன் பிரைமரியில் பதிவு செய்த வாக்காளர்களில் நூற்றுக்கு 25 பேர்தான் வாக்களித்தார்கள். 2022 ஜூனில் 33 பேர். 2020 நவம்பரில் அதே மாநிலத்தில் 80 பேர்!

2010-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த முறைப்படி, காங்கிரஸ், மாநிலச் சட்டமன்றம், கவர்னர் போன்ற பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் வருவார்கள். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் மட்டும் நவம்பருக்குப் போவார்கள். இருவரும் ஒரே கட்சியாகவும் இருக்கலாம். நான் சொன்ன அந்த 16-ஆவது தொகுதியில் அப்படித்தான் நடந்தது. முதலிடம் பிடித்த சாம் லிகார்டோவும் டெமாக்ரட், லோவும் டெமாக்ரட். நவம்பரில் லிகார்டோ ஜெயித்தார்.

இந்த முறையில் விளம்பரங்களை நேராக நம்பக் கூடாது. 2024 செனட் பிரைமரியில் டெமாக்ரட் வேட்பாளர் ஆடம் ஷிஃப், ரிபப்ளிகன் வேட்பாளர் ஸ்டீவ் கார்வியைத் தாக்கி விளம்பரம் மேல் விளம்பரமாக ஓட்டினார். "இவர் ரொம்பத் தீவிரமான ரிபப்ளிகன்" என்பது மாதிரி. பார்த்த ரிபப்ளிகன்கள், "அட, நம்ம ஆள்!" என்று கார்விக்குப் போட்டார்கள். இன்னொரு டெமாக்ரட் வேட்பாளரான கேட்டி போர்ட்டர் மூன்றாம் இடத்துக்குப் போய்ப் போட்டியிலிருந்தே வெளியேறினார். நவம்பரில் ஷிஃபுக்கு எளிதான எதிராளி கிடைத்தார். திட்டுவது போல் தூக்கிவிடும் வித்தை. சட்டப்படி தப்பே இல்லை.

தபால் பெட்டியிலும் இதே கதைதான். பளபளப்பான அட்டையில் "வாக்காளர் வழிகாட்டி" என்று தலைப்புப் போட்டு ஒரு பட்டியல் வரும். ஆசிரியர்கள் சொன்னது, போலீஸ்காரர்கள் சொன்னது என்று நினைக்கத் தோன்றும். பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த இடத்துக்கு வேட்பாளர் தரப்பில் காசு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சட்டம் கட்டாயப்படுத்துவதால்தான் அந்தக் குறியே இருக்கிறது. அதற்கான விளக்கம் பொடி எழுத்தில் எங்கேயாவது மூலையில் கிடக்கும். வாட்ஸ்அப் குழுவில் வரும் பட்டியலுக்கு இந்த நட்சத்திரம்கூடக் கிடையாது, அதை என்ன சொல்ல.

மாநிலமும் கவுன்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அனுப்புகிற வழிகாட்டிப் புத்தகம் சாணித்தாள் மாதிரி இருக்கும், ஆனால் உருப்படியானது அதுதான். அதில் தங்கள் அறிக்கை வர வேட்பாளர்கள் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டியிருக்கிறது, அதனால் அறிக்கை இல்லாதவரை உடனே ஒதுக்கிவிடாதீர்கள். அப்புறம், சீட்டின் கடைசிவரை போங்கள். கவுன்டி மேற்பார்வையாளர், நீதிபதி போன்ற கட்சி சாராத பதவிகளில் பிரைமரியிலேயே பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் கதை முடிந்தது. நவம்பரில் அந்தப் பதவிக்குப் போட்டியே இருக்காது.

பதிவு விஷயத்தில் ஒரு பெரிய குழி இருக்கிறது. நம்மில் பலர் எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிவு செய்கிறவர்கள். அதற்கான கட்டம் "நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்". ஆனால் "அமெரிக்கன் இன்டிபென்டன்ட்" என்று ஒரு கட்சியே இருக்கிறது, வலதுசாரிக் கட்சி. 'இன்டிபென்டன்ட்' என்ற சொல்லைப் பார்த்து அதில் டிக் அடித்தவர்கள் ஏராளம். 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் விசாரித்தபோது, அந்தக் கட்சியில் இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அதிபர் பிரைமரி மட்டும் கட்சிவாரியாகத் தனித்தனி; அந்த வருடம் டெமாக்ரட் அதிபர் பிரைமரியில் அவர்களால் வாக்களிக்க முடியவில்லை. கட்சியே வேண்டாம் என்று பதிந்தவர்களோ டெமாக்ரட் சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களிக்க முடிந்தது. மாநிலச் செயலரின் இணையதளத்தில் உங்கள் பதிவு எப்படி இருக்கிறது என்று பார்க்க இரண்டு நிமிஷம் போதும். கிரீன் கார்டு, எச்1பி வைத்திருப்பவர்கள் தவறிக்கூடப் பதிந்துவிட வேண்டாம், அது குடியுரிமைக்கே உலை வைத்துவிடும்.

கடைசியாகக் கையெழுத்து. உறையின் மேல் போடுகிற கையெழுத்தை, டிரைவிங் லைசென்ஸ் போன்றவற்றில் உள்ளதோடு ஒப்பிடுவார்கள். நம்மில் சிலர் ஓரிடத்தில் தமிழிலும் இன்னோரிடத்தில் ஆங்கிலத்திலும் போடுகிறவர்கள். லைசென்ஸில் எப்படியோ அப்படியே போடுங்கள். பொருந்தவில்லை என்றால் கவுன்டியிலிருந்து ஒரு கடிதம் வரும். ஏதோ விளம்பரம் என்று கிழித்துப் போடாமல், குறித்த தேதிக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் உங்கள் வாக்கை எண்ணிவிடுவார்கள்.

நன்றி, வணக்கம்.