டி.எஸ்.எச். ஏன் இறங்கவில்லை?

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு ஒரு லேப் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசப்போகிறேன். பத்தொன்பது வயதுப் பெண். கழுத்தில் லேசான வீக்கம், மாடி ஏறினால் படபடப்பு. தைராய்டு ஹார்மோன்களான ஃப்ரீ டி4 அதிகம், ஃப்ரீ டி3-யும் அதிகம். "சரி, ஹைப்பர் தைராய்டு" என்று மாத்திரை எழுதக் கை போகும். கொஞ்சம் பொறுங்கள், கடைசி வரியையும் படியுங்கள். டி.எஸ்.எச். 2.8, இயல்பான அளவு.

விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது. டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் கூடினால் பிட்யூட்டரி டி.எஸ்.எச். சுரப்பதை அடக்கிவிடும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் அது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கும். இங்கே இறங்கவில்லை. அவ்வளவு ஹார்மோன் இருந்தும் பிட்யூட்டரிக்கு உறைக்கவில்லை. இப்படி ஹார்மோன் இருந்தும் உடம்புக்கு உறைக்காத பிறவிக் கோளாறுக்குத் தைராய்டு ஹார்மோன் எதிர்ப்புத்தன்மை என்று பெயர்.

1967-இல் சாமுவேல் ரெஃபெடாஃபும் சகாக்களும் அமெரிக்காவில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைக் கண்டார்கள். காது கேட்காது, பேச்சு வராது, கழுத்தில் கழலை. ஹார்மோன் ஏகத்துக்கு இருந்தும் உடம்பில் அதன் அறிகுறி இல்லை. கோளாறு சுரப்பியில் இல்லை, ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் திசுக்களில் இருக்கலாம் என்று அப்போதே எழுதினார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது: மூன்றாவது குரோமோசோமில் இருக்கும் பீட்டா ஏற்பியின் மரபணு. ஏற்பி என்பது செல்லுக்குள் தைராய்டு ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதம்; ஆல்பா, பீட்டா என்று இரண்டு வகை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ரத்த உறவுக்காரர்கள்; பிள்ளைகளுக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதியுமே இல்லை. மற்றவர்களில் பெரும்பாலும் ஒரு பிரதிதான் பழுது. ஆனால் பழுதான ஏற்பி நல்லதையும் வேலைசெய்ய விடாது. அதனால் பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு.

அப்புறம் படபடப்பு எங்கிருந்து வந்தது? இதயத்தில் இருப்பது முக்கியமாக ஆல்பா ஏற்பி. அதில் பழுதில்லை, கூடுதல் ஹார்மோனை அது அப்படியே வாங்கிக்கொள்கிறது. இதனால்தான் நல்ல டாக்டர்களே ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் ரத்தத்தை வேறு முறையில், வேறு லேபில் திரும்பப் பாருங்கள். ரத்தத்தில் உள்ள சில எதிர்ப்பொருள்கள் கருவியை ஏமாற்றும். அல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் பிறவி மாற்றம் இருந்தாலும் சில கருவிகள் ஃப்ரீ டி4-ஐக் கூட்டிக் காட்டும். டி.எஸ்.எச். சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டியிலும் இதே ரிப்போர்ட்தான் வரும். அதற்காக எடுத்த எடுப்பில் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பாதீர்கள். ஒன்றுமில்லாதவர்களின் பிட்யூட்டரியிலும் சின்னக் கட்டி தெரியும்; அதைப் பார்த்துப் பயந்து தலையில் ஆபரேஷன் வரை போய்விடக்கூடாது. அதற்கு முன்னால் அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்களின் ரத்தத்தைப் பாருங்கள். இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மரபணுச் சோதனை உறுதிசெய்யும். ஆனால் நூற்றில் பதினைந்து குடும்பம்போல அதில் எதுவும் அகப்படாது. அதனால் 'இல்லை' என்று அடித்துவிட முடியாது.

அந்தப் பெண்ணின் அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். தாலிச் சரடை விரலால் ஒதுக்கிக் காட்டினார். கழுத்தின் குறுக்கே ஆபரேஷன் தழும்பு. "பன்னிரண்டு வருஷம் ஆச்சு டாக்டர். எவ்வளவு மாத்திரை கூட்டினாலும் டி.எஸ்.எச். இறங்கவே மாட்டேங்குதுங்கிறாங்க."

நல்ல சுரப்பியை எடுத்துவிட்டார்கள். மரபணுச் சோதனையில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பிழை. மகளுக்குப் படபடப்புக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் மாத்திரை மட்டும் கொடுக்கிறோம். அவள் சுரப்பியில் யாரும் கைவைக்கவில்லை.