தாயம் விழ நிகழ்தகவு 1/7 ஆ, 1/8 ஆ? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். கூறுவெளி (விழக்கூடிய விளைவுகள் எல்லாவற்றின் தொகுப்பு) பற்றிப் பேசியபோது இரண்டு நாணயத்துக்கு மர வரைபடம் போட்டோமே, அதைப் பார்த்துவிட்டுக் கல்லிடைக்குறிச்சியிலிருந்து பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டிருக்கிறாள். "தாயக்கட்டை இரண்டையும் உருட்டினால் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு விதமாகத்தான் விழும். அப்போ தாயம், அதாவது 1, விழ நிகழ்தகவு 1/7 தானே? அண்ணன் 1/8 என்கிறான்." வாசித்ததிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். பகடையை விட்டுவிட்டு நம்ம ஊர்த் தாயக்கட்டையில் யோசித்திருக்கிறாள் பாருங்கள்!

அண்ணன் சொன்னதுதான் சரிம்மா. ஆனால் நீ எழுதின கூறுவெளியில் தப்பே இல்லை. எது விழுந்தாலும் அந்த ஏழில் ஒன்றாகத்தான் இருக்கும், இரண்டு சேர்ந்து வராது. கூறுவெளிக்கு அது போதும். ஏழால் வகுத்தாய் பார், அங்கேதான் இடறிவிட்டது. நான் எப்போதும் சொல்வதுதான்: எண்ணுவதற்கு முன்னால் எல்லாம் சம வாய்ப்புள்ளவையா என்று கேட்க வேண்டும்.

ஒரு கட்டைக்கு நான்கு பக்கம். ஒன்று வெறும் பக்கம், மற்றதில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டு கட்டைக்கும் சேர்த்து 4 × 4 = 16 கூறு புள்ளிகள், அதாவது தனித்தனி விளைவுகள். இந்தப் பதினாறும் சம வாய்ப்புள்ளவை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அதற்கு ஒரே வழி. 6 விழ இரண்டிலும் மூன்று வர வேண்டும், அதுவும் ஒரே வழி. தாயத்துக்கு இந்தக் கட்டை வெறுமை அந்தக் கட்டை ஒன்று, அல்லது மாற்றி. ஆக 2/16, அதாவது 1/8.

"இரண்டு கட்டையும் ஒன்றுபோலத்தானே இருக்கிறது, அதை ஏன் இரண்டாக எண்ண வேண்டும்?" என்று அடுத்து கேட்பாய். சரி, ஒரு கட்டையில் சிவப்பு நூலைக் கட்டிவிடு. இப்போது இரண்டும் வேறுவேறாகத் தெரியும். நூல் கட்டியதால் தாயம் அதிகமாக விழுமா என்ன? நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் கட்டைகள் இரண்டுதான்.

எங்கள் ஆச்சி வீட்டுத் திண்ணையில் வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கத் தாயம் ஆடுவார்கள். பன்னிரண்டு விழுந்தால் தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போடுவார்கள். மூன்று விழுந்தால் யாரும் வாய் திறந்து பார்த்ததில்லை. ஏன்? 3 விழ நான்கு வழி, 12 விழ ஒரே வழி. ஏழால் வகுத்தால் இரண்டும் 1/7 என்று ஆகிவிடும். ஆச்சி அதை ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டாள். 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா, அதையும் ஒரு நிகழ்ச்சியாக எடுத்துப் பாருங்கள். 2 + 2 + 1 + 1 = 6, ஆக 6/16, சுருக்கினால் 3/8. ஏழு கணக்கில் 4/7 என்று பாதிக்கு மேலே போய்விடும்.

ஆடுகிறவர்களுக்குத்தான் இது முதலில் தெரியும். இத்தாலியில் மூன்று பகடை உருட்டினவர்கள் 9-ஐ விட 10 அதிகம் விழுவதைக் கவனித்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டையும் மூன்று எண்களின் கூட்டாக எழுத ஆறு ஆறு விதம்தான். கலிலியோ 216 கூறு புள்ளிகளையும் எடுத்துக்கொண்டு எண்ணினார்: 9-க்கு 25, 10-க்கு 27. மூன்றும் மூன்றாக விழ ஒரே வழி, 1, 2, 6 விழ ஆறு வழி. எண்ணுவதற்கு முன்னால் சமமா என்று கேள், அவ்வளவுதான்.

உண்மையில் இந்தப் பிள்ளை என்னிடம் கேட்டிருக்க வேண்டியது வேறு. "அந்தப் பதினாறும் சமம் என்று உங்களுக்கு யார் சொன்னது?" கட்டையின் நான்கு பக்கமும் ஒரே அளவு, அதனால் ஒரு பக்கத்துக்குத் தனிச் சலுகை இருக்கக் காரணமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு பக்கம் தேய்ந்துபோன கட்டை என்றால் அப்படிச் சொல்ல முடியாது. சோழியை எடுத்துக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும். அதன் முதுகு உருண்டை, வாய்ப்பக்கம் தட்டை. நிமிர்வதும் கவிழ்வதும் சமம் என்று எதை வைத்துச் சொல்வது? ஆறு சோழிக்கு 64 கூறு புள்ளிகளை அழகாக எழுதிவிடலாம், ஆனால் 64-ஆல் வகுத்து விடை சொல்ல முடியாது. ஒரு சோழியை எடுத்துப் பலமுறை வீசி, எத்தனை தடவை நிமிர்ந்தது என்று குறிக்க வேண்டும். வீசுவது கூடக்கூட அந்த விகிதம் ஓரிடத்தில் நிலைக்க ஆரம்பிக்கும், அதை வைத்துத்தான் மேற்கொண்டு கணக்குப் போட வேண்டும். வீட்டில் சோழி இருந்தால் வீசிப் பார்த்து, எத்தனைக்கு எத்தனை என்று எழுதி அனுப்பும்மா.