பார் டேப்பை எங்கே ஆரம்பிப்பது? நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பார் டேப், அதாவது ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரில் பிடிமானத்துக்குச் சுற்றும் பட்டை பற்றியது. அந்தப் பாரை நடுவில் பிடித்திருக்கும் பாகம்தான் ஸ்டெம். படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “ரோடு பைக்கில் பார் டேப்பை நானே சுற்றினேன். ஸ்டெம் பக்கம் ஆரம்பித்து, கீழே பார் முனையில் கொண்டுவந்து முடித்தேன். அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. சில வாரங்களிலேயே டேப்பின் ஓரங்கள் சுருண்டு எழும்பிவிட்டன. வளைவில் விலகி உள்ளே உலோகம் தெரிகிறது. நேர்த்தியாகச் சுற்றுவது எப்படி? கழற்றிய டேப்பைத் திரும்பப் பயன்படுத்தலாமா?”

சந்தோஷம் எதற்கு என்றால், பார் டேப் என்றாலே எல்லோரும் எந்தக் கம்பெனி, என்ன நிறம் என்றுதான் கேட்பார்கள். இவர் சுற்றுவதைப் பற்றிக் கேட்கிறார். எங்கே ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிட்டார். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஓட்டு வீட்டுக்கு ஓடு வேய்வதைப் பார்த்திருப்பீர்கள். கீழே இறவாரத்தில் ஆரம்பித்து மேலே முகட்டுக்குப் போவார்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்திருப்பதால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், இடுக்கில் நுழையாது. பார் டேப்பும் அப்படித்தான். கீழே பார் முனையில் ஆரம்பித்து ஸ்டெம் பக்கம் போனால், ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் மேல் படியும். ஓட்டும்போது நம் கை எப்போதும் மேலிருந்து கீழாக, உள்ளிருந்து வெளியாகத்தான் சறுக்கும். அப்படிச் சறுக்கும் கைக்கு எந்த ஓரமும் தட்டுப்படாது. மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா ஓரமும் கையை எதிர்த்து நிற்கும். ஒவ்வொரு குழியிலும் கை ஒவ்வொரு ஓரத்தையும் கொஞ்சம் தள்ளும், வியர்வை அந்த இடுக்கில் இறங்கும், பசை விட்டுப்போகும். உங்கள் டேப் சுருண்டதற்கு அதுதான் காரணம். டேப் மேல் குற்றம் இல்லை.

அடுத்தது திசை. இங்கே நான் வழக்கமாகச் சொல்வதைத் திரும்பவும் சொல்லப் போகிறேன். தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், பெடல் மரை பற்றிப் பேசும்போதும் இதையேதான் சொன்னேன். இடது பெடலுக்கு இடது மரை எதற்கு? மிதிக்க மிதிக்க அது கழன்று வரக் கூடாது என்பதற்காக. ஓட்டுபவர் கொடுக்கும் விசை பொருளை இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. டேப்புக்கும் அதே கணக்குதான். கை எந்தப் பக்கம் முறுக்குகிறதோ, டேப்பும் அந்தப் பக்கமே போக வேண்டும்.

இப்போது கையைக் கவனியுங்கள். டிராப்ஸில், அதாவது கீழ் வளைவில் குனிந்து பிடிக்கும்போது, இரண்டு கையும் வெளிப்பக்கமாக முறுக்கும். அதனால் பின்னால் நின்று பார்த்தால் வலது பக்கம் கடிகார முள் சுற்றும் திசை, இடது பக்கம் அதற்கு எதிர்த்திசை. மேலே டாப்ஸில், ஸ்டெம்முக்குப் பக்கத்தில் பிடிக்கும்போது கை உங்களை நோக்கி இழுக்கும். அங்கே டேப் பாருக்கு மேலாக உங்களை நோக்கி வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், கீழே வெளிப்பக்கமாக ஆரம்பித்து நேராகச் சுற்றிக்கொண்டே போனால், மேலே வரும்போது டேப் உங்களை விட்டு விலகி முன்பக்கம் போகும். வேண்டுமானால் ஒரு குச்சியை வளைத்து நூலைச் சுற்றிப் பாருங்கள், புரிந்துவிடும். அதனால்தான் பல மெக்கானிக்குகள் பிரேக் லீவரைச் சுற்றும்போது எட்டுப் போட்டு, அதாவது 8 வடிவில் குறுக்காகச் சுற்றி, அங்கேயே திசையை மாற்றிவிடுகிறார்கள். இன்னொரு வழி, கீழே உட்பக்கமாக ஆரம்பித்துவிடுவது. அப்போது மேலே தானாகவே சரியான திசை வந்துவிடும்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், நீங்கள் எங்கே அதிகம் பிடிக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பந்தயம் ஓட்டுபவர்கள் டிராப்ஸில் நிறைய நேரம் இருப்பார்கள், அவர்கள் வெளிப்பக்கமாகவே ஆரம்பிக்கட்டும். 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், போகிறவர்கள், பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் நிதானமாக முடிக்க நினைப்பவர்கள், பெரும்பாலும் டாப்ஸிலும், பிரேக் லீவர் மேலுள்ள ரப்பர் பிடியான ஹூட்ஸிலும்தான் பிடித்திருப்பார்கள். எட்டுப் போட்டால் லீவர் அருகே டேப் தடித்துவிடும். அதனால் அவர்களுக்கு உட்பக்கத் தொடக்கமே போதும் என்பது என் கருத்து.

இனி சுற்றும் வேலை. பார் முனைக்கு வெளியே டேப்பின் அகலத்தில் பாதி நீட்டிக்கொண்டிருக்கும்படி முதல் சுற்று. கடைசியில் அந்தப் பாதியை உள்ளே மடக்கி, பிளக்கை, அதாவது முனை அடைப்பை, அழுத்திவிட வேண்டும். பிளக் இல்லாமல் ஓட்டாதீர்கள். கீழே விழும்போது திறந்த குழாய் முனை உடம்பில் குத்தினால் அது சின்னக் காயமாக இருக்காது. பந்தய விதிகளில் அந்த அடைப்பு கட்டாயம்.

அப்புறம் இழுவை. டேப்பை இழுத்துப் பிடித்தே சுற்ற வேண்டும். லேசாக நீளும் அளவுக்கு இழுங்கள், கிழியும் அளவுக்கு வேண்டாம். தக்கைத் துகள் கலந்த டேப் சட்டென்று கிழிந்துவிடும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதை மூன்றில் ஒரு பங்காவது மூட வேண்டும். வளைவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வளைவின் வெளிப்பக்கம் நீளம் அதிகம், உட்பக்கம் குறைவு. உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றினால் மேற்படிவு தாராளமாகத் தெரியும், அதே சமயம் வெளிப்பக்கம் பிளந்திருக்கும். வெளிப்பக்கத்தைப் பார்த்துச் சுற்றுங்கள். அங்கே சரியாக இருந்தால் உட்பக்கம் தானாகச் சரியாக இருக்கும். இழுவை குறைந்திருந்தால் சில நாள் கழித்து அந்த இடம்தான் முதலில் விலகும்.

லீவர் ரப்பரை முதலிலேயே மேலே மடக்கிவிடுங்கள். டேப்போடு வரும் குட்டித் துண்டுகள் இரண்டும் லீவரைப் பாரோடு பிடித்திருக்கும் பட்டையை மறைப்பதற்குத்தான். பலர் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, லீவருக்குப் பின்னால் உலோகம் தெரிகிறது என்று வருத்தப்படுகிறார்கள். 1990-இல் பிரேக்கும் கியரும் ஒன்றாக உள்ள ஷிமானோ எஸ்.டி.ஐ. லீவர் வந்தபோதுகூட கியர் கேபிள் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது, பிரேக் கேபிள் மட்டும் டேப்புக்குள் போனது. இப்போதைய பல லீவர்களில் இரண்டுமே உள்ளே. அவற்றை இன்சுலேஷன் டேப்பால் பாரோடு நெருக்கிக் கட்டிவிட்டுப் பிறகு சுற்றுங்கள். கேபிள் அசைந்தால் மேலே இருக்கும் டேப்பும் அசையும்.

ஸ்டெம் பக்கம் முடிக்கும்போது டேப்பைச் சாய்வாக வெட்டினால் ஓரம் நேராக வரும். மேலே இன்சுலேஷன் டேப் இரண்டு மூன்று சுற்று. முதல் சுற்றுகளை இழுத்துச் சுற்றுங்கள், கடைசிச் சுற்றை மட்டும் இழுக்காமல் சும்மா ஒட்டுங்கள். இழுத்து ஒட்டிய முனை நம் ஊர் வெயிலில் பசை இளகியதும் பின்வாங்கிவிடும். முனை பாரின் அடிப்பக்கம் வரட்டும்.

இங்கே ஒன்று ஞாபகம் வருகிறது. தக்கை டேப்புக்கு முன்னால் ஐரோப்பாவில் பருத்தித் துணி டேப்தான் வழக்கம். அதைச் சுற்றிவிட்டு மேலே சிலர் அரக்குக் கரைசல் பூசுவார்கள். அரக்கை ஆல்கஹாலில் கரைத்துத் தூரிகையால் பல முறை பூசினால் துணி கெட்டியாகி, தண்ணீர் எளிதில் இறங்காமல் நிற்கும், நிறமும் தேன் போல ஆழ்ந்துவிடும். பழைய சைக்கிள்களைப் புதுப்பிப்பவர்கள் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். அந்த அரக்கு எங்கிருந்து வருகிறது? புரசு, இலந்தை மரங்களில் ஒட்டி வாழும் பூச்சியிடமிருந்து. நம் நாட்டில் ஜார்க்கண்டில்தான் அது மிக அதிகமாக விளைகிறது. மர வேலை செய்பவர்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று பூசுவார்களே, அதே சரக்குதான். யாராவது பழைய ஸ்டீல் பைக்கைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் முயன்று பாருங்கள். எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடிக்கும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். உண்மையில் இந்த நேயர் இன்னொரு கேள்வியும் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை: டேப்பை எப்போது கழற்ற வேண்டும்? நேர்த்தியாகச் சுற்றிய டேப்பை யாரும் கழற்ற மாட்டார்கள், அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கியில், ஓட்டுபவர். மின்விசிறி போட்டாலும் வியர்வை சொட்டிக்கொண்டே இருக்கும். அவருடைய பாரில் டேப்பைக் கழற்றியபோது உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்துப் பார்த்தால் அலுமினியத்தில் பொடிப்பொடிக் குழிகள். வெளியே டேப் புதிது போல இருந்தது.

வியர்வையில் உப்பு இருக்கிறது. டேப் அதை ஈரத்தோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. அலுமினியம் வெறுமனே காற்றில் இருந்தால் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காப்பாற்றும். உப்பு ஈரம் அந்தப் படலத்தைத் துளைத்துக் குழி போடும். அந்தக் குழியில்தான் விரிசல் ஆரம்பிக்கும். பார் உடைந்தால் பிரேக்கும் கையோடு வந்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுபவர்களுக்குக் கடல் காற்றின் உப்பும் சேர்கிறது. அதனால் டேப் நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கழற்றுங்கள். டிரெய்னரில் தினமும் ஓட்டுபவர் அதற்கும் முன்னதாகவே கழற்றுங்கள். லீவர் பட்டைக்கு அடியில், கேபிள் ஒட்டியிருந்த இடத்தில், ஸ்டெம் பிடிக்கும் ஓரத்தில் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு மட்டும் என்றால் துடைத்துவிடலாம். நகத்தை வைத்து இழுக்கும்போது குழி தட்டினால் பாரை மாற்றிவிடுங்கள். பழைய பசையை ஸ்பிரிட்டால் துடையுங்கள், மண்ணெண்ணெய் வேண்டாம். அதன் எண்ணெய்ப் பிசுக்கு புதுப் பசையைப் பிடிக்க விடாது.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ்–ரூபே பந்தயத்தில் கல் பாவிய சாலைகள் மட்டும் 50 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதற்காகச் சிலர் இரட்டை டேப் சுற்றுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, கை மரத்துப்போகிறது என்று நம்மவர்களும் இரண்டு டேப் சுற்றுகிறார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடியில் அல்னார் நரம்பு அழுந்துகிறது என்று கை வலி பற்றிய பேச்சில் விளக்கியிருந்தேன். பார் தாழ்வாக இருந்து உடம்பின் பாரம் கையில் இறங்கினால், எத்தனை டேப் சுற்றினாலும் அந்த நரம்பு அழுந்தத்தான் செய்யும். முதலில் சீட், பார் உயரத்தைச் சரிபாருங்கள். சின்னக் கை உள்ளவர்களுக்குத் தடித்த பார் பிடிக்கவே சிரமம், பிரேக் பிடிக்கும் விரல் இன்னும் களைக்கும்.

கடைசியாக, கழற்றிய டேப்பைத் திரும்பப் பயன்படுத்தலாமா? பின்புறம் பசை உள்ள தக்கை டேப் என்றால் பெரும்பாலும் முடியாது. உரிக்கும்போதே துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். பசையே இல்லாத சிலிகான் டேப் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஸ்டெம் பக்கத்திலிருந்து பொறுமையாகக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துச் சுற்றுங்கள். உங்கள் டேப் ஏற்கெனவே ஓரம் சுருண்டுவிட்டது என்கிறீர்கள். அது இழுத்தாலும் படியாது, புதிதாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். கழற்றும்போது பாரைப் பார்த்துவிட்டு, உள்ளே எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.