எழுத்துக்கு முன்னால் ஒலி

நேயர்களுக்கு வணக்கம்.

"யு.கே.ஜி. படிக்கிறான், ஏ முதல் இசட் வரை கடகடவென்று சொல்கிறான். ஆனால் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைக் காட்டினால் முழிக்கிறான்." பெற்றோர் பலர் என்னிடம் இப்படிச் சொல்கிறார்கள். பிள்ளை மேல் குறை இல்லை. 'எஸ், யூ, என்' என்று எழுத்தின் பெயரைச் சொன்னால் 'சன்' எப்படி வரும்? எழுத்து தரும் ஒலி தெரிய வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு சொல்லுக்குள் தனித்தனி ஒலிகள் இருப்பது காதுக்குப் பிடிபட வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுத்து 26தான், ஒலிகளோ சுமார் 44. தமிழில் 'ம' என்று எழுதினால் மெய்யும் உயிரும் ஒரே எழுத்தில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலம் வாசிக்க அவற்றைப் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். அதற்கான வழி நம்மிடமே இருக்கிறது. ம் கூட்டல் அ, ம என்று உயிர்மெய் சொல்லித் தருகிறோமே, அது ஒலிகளைச் சேர்க்கும் பயிற்சிதான். மனப்பாடமாக ஒப்பிக்க விடாமல், காதால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்ய ஒரு விளையாட்டு. சோவியத் உளவியலாளர் எல்கோனின் வகுத்த முறை இது. தாளில் மூன்று கட்டம் போட்டு, கீழே மூன்று புளியங்கொட்டை வையுங்கள். 'சன்' என்ற சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். 'ஸ்ஸ்' என்றதும் பிள்ளை ஒரு கொட்டையை முதல் கட்டத்துக்குத் தள்ளட்டும். 'அ', இன்னொன்று. 'ன்', மூன்றாவது. அப்புறம் விரலை ஓட்டிச் சேர்த்துச் சொல்லட்டும். இதில் பெரியவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். 'ஸு', 'னு' என்று உகரம் ஒட்டிச் சொன்னால் 'ஸுஅனு' என்றுதான் வரும், 'சன்' வராது. ம், ன், ஸ், ஃப் போல இழுத்துச் சொல்ல முடிகிற ஒலிகளில் தொடங்குங்கள். ப், ட், க் பிறகு வரட்டும்.

நம் பிள்ளைகளுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'பல்', 'பஸ்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்து 'ப' ஒன்றுதான், ஒலி வேறு. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை, ஆங்கிலத்திலோ அதனால் பொருளே மாறும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 'பஸ்' என்று தொடங்கும்போது அதிர்வு முன்னாலேயே வந்துவிடும்.

சரி, எவ்வளவு நாள் காதை மட்டும் பழக்குவது? ரொம்ப நாள் வேண்டாம். ஒலிப் பயிற்சியை எழுத்துகளோடு சேர்த்துத் தரும்போது பலன் கூடுகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. ஸ், ம் என்று நாலைந்து ஒலி பிடிபட்டதுமே கொட்டைக்குப் பதில் எழுத்து அட்டையை வைத்துவிடலாம். தினம் பத்து நிமிடம் போதும்.

சில வாரம் விளையாடியும் ஸ், ஃப் போன்ற மெல்லிய ஒலிகள் பிடிபடவே இல்லை என்றால் பிள்ளையைத் திட்டாதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்து, ஒலி மங்கலாகக் கேட்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.