மறதி ஈயும் போதை ஈயும்

வணக்கம். இன்றைக்குக் கேமராவைச் சமையலறையிலேயே வைத்துவிட்டேன். இந்த வாழைப்பழத்துக்கு வயது நாலு நாள், தோல் கறுத்துப் புளித்த வாடை வருகிறது. மேலே உட்கார்ந்திருக்கிற பொடி ஈயின் கண் சிவப்பாகத் தெரிகிறதா? கிட்டே காட்டுகிறேன்... அடடா, பறந்துவிட்டது.

சரி, அதுதான் டிரோசோஃபிலா. மாந்தோப்புக்காரர்கள் திட்டித் தீர்க்கிற பழ ஈ வேறு குடும்பம். இது புளித்த பழத்திலேயே முட்டையிட்டு வளர்வது. ஆகவே சாராய வாடை இதற்குப் பிறந்த வீட்டு வாடை.

1970களில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆய்வாளர் சீமோர் பென்சர் கூட்டம் இந்த ஈக்குப் பாடம் நடத்தியது. ஒரு வாசனையைக் காட்டும்போது மின்சாரத்தால் லேசாக ஒரு சுரீர். இன்னொரு வாசனைக்கு ஒன்றும் கிடையாது. நல்ல ஈ முதல் வாசனையைக் கண்டாலே ஒதுங்கும். 1979இல் வில்லியம் க்வின் குழு, ஒரு மரபணு கெட்டுப்போன ஈ வகையைப் பற்றி எழுதியது. பாடத்தை நன்றாகக் கற்கும், ஆனால் சீக்கிரமே மறந்துவிடும். பெயர் ‘அம்னீசியாக்’, அதாவது மறதிக்காரன்.

அப்புறம் 1998. சான் பிரான்சிஸ்கோவில் உல்ரிக் ஹெபர்லைன் குழு ஈக்களுக்குப் போதை ஏற்றியது. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கண்ணாடிக் குழாய், உள்ளே சரிவாக வலைத் தட்டுகள், கீழிருந்து மேல்வரை சாராய ஆவி. ஈக்களை உச்சியில் விடுவார்கள். போதை ஏற ஏறக் கால் பிடி நழுவும், ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு உருண்டு கடைசியில் அடியில் வந்து விழும். சாதாரண ஈக்கு ஏறக்குறைய 20 நிமிடம். ஒரு வகை மட்டும் சுமார் 15 நிமிடத்திலேயே கீழே! ‘சீப்டேட்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரே கிளாஸில் சாய்ந்துவிடுகிற, செலவு வைக்காத ஜோடி என்று கிண்டல்.

எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று தேடினால், நம்ம பழைய மறதிக்காரன்! அதே அம்னீசியாக் மரபணு. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

உடனே ‘குடிகார மரபணு’ என்று கமெண்டில் எழுதாதீர்கள். அந்த மரபணு செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதிப் பொருளைக் கூட்டச் சொல்லும் ஒரு சிறு புரதத்துக்கானது. வாசனையை நினைவில் நிறுத்தவும் அது வேண்டும், போதையில் நிலை தடுமாறாமல் இருக்கவும் அது வேண்டும். சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும் ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளைக் கொடுத்ததும் சீப்டேட் ஈ மற்ற ஈக்களைப் போலவே தாக்குப்பிடித்தது.

ஃபோர்ஸ்கோலின் எதிலிருந்து வருகிறது தெரியுமா? சேலம் பக்கம் பயிரிடுகிற மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து. அடுத்த வீடியோ அந்தக் காட்டில்தான். இப்போது இந்தப் பழத்தை வெளியே போட்டுவிட்டு வருகிறேன்.