ஒரு கல்லறை, ஒரு இனிஷியல்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். ஸ்டார் ட்ரெக்ங்கற அந்த விண்வெளித் தொடரைப் பத்திப் பேச வர்றீங்களான்னு கேட்டாங்க, சரின்னு சொல்ல ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கல. எங்க சின்ன வயசுல, எண்பதுகள்ல, தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலைல போடுவாங்க, ஞாபகம் இருக்கவங்க இருப்பீங்க. எங்க வீட்ல டிவி கிடையாது, பக்கத்து வீட்டு அத்தை வீட்லதான், மரக்கதவு போட்ட கருப்பு வெள்ளை டிவி, அத்தை குளிச்சிட்டு வந்து அந்தக் கதவைத் தள்ளித் திறக்கற வரைக்கும் நாங்க ஏழெட்டு பசங்க தரையில உக்காந்திருப்போம். இங்கிலீஷ் பாதிக்கு மேல புரியாது. ஆனா விண்கப்பலோட கேப்டன் கர்க் தெரியும், காது கூர்மையா இருக்கற ஸ்பாக் தெரியும், எப்பப் பாத்தாலும் ஸ்பாக்கோட மல்லுக்கு நிக்கற டாக்டர் மெக்காய் தெரியும்.

பின்னாடி காலேஜ் ஹாஸ்டல்ல ரூம்மேட் ஒருத்தி, "சிவப்புச் சட்டை போட்ட ஆளைப் பாத்து வெச்சுக்க, அவன்தான் அன்னிக்கு சாவான்"னு சொன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தச் சட்டைக்கெல்லாம் கலர் இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்! யாரு சாகப் போறான்னு தெரியாமலே அத்தனையும் பாத்திருக்கேன். அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்ச பேச்சு, அவளும் நானும் இன்னிக்கு வரைக்கும் நிறுத்தல.

நான் இங்க சொல்ல வந்தது அந்தப் பேச்சைப் பத்தித்தான். 1966 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவுல ஆரம்பிச்ச தொடர், மூணு சீசன், 79 எபிசோட், 1969ல நிறுத்திட்டாங்க. எடுத்தவங்க அவசர அவசரமா, கையில இருந்த காசுக்குள்ள எடுத்தாங்க, அதனால அங்கங்க ஓட்டை இருக்கும், முன்னுக்குப் பின் முரணா இருக்கும். ரசிகர்கள் அதைப் பாத்துட்டு சும்மா விடல. அதைத் திரும்பத் திரும்ப சொல்லப் போறேன், பொறுத்துக்கங்க, அவங்க எதையுமே சும்மா விடல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஓட்டை சொல்றேன். ஆரம்பத்துல வந்த எபிசோட், மூணாவதா ஒளிபரப்பானது. கர்க்கோட பழைய சிநேகிதன் கேரி மிட்செல்னு ஒருத்தன், கப்பல் கேலக்ஸியோட விளிம்பைத் தாண்டப் போகும்போது ஏதோ ஒரு சக்தி தாக்கி, கண்ணு ரெண்டும் வெள்ளி மாதிரி பளபளன்னு ஆயிடும், நினைச்சதெல்லாம் நடக்க ஆரம்பிச்சிடும். கொஞ்சம் கொஞ்சமா தன்னைக் கடவுள்னே நினைச்சுக்குவான். கடைசில கர்க்கைக் கொல்றதுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு குழியை உருவாக்கி, தலைமாட்டுல ஒரு கல்லையும் நிறுத்துவான், பேரு வெட்டின கல்லு. அதுல என்ன எழுதியிருக்கு? ஜேம்ஸ் ஆர் கர்க்.

ஆர்! உலகத்துக்கே தெரியும், அவர் ஜேம்ஸ் டி கர்க். அந்த டிக்கு டைபீரியஸ்னு அர்த்தம், அதுவும் 1974ல கார்ட்டூன் தொடர்லதான் முதல்ல சொன்னாங்க. கல்லு செஞ்ச சமயத்துல இனிஷியல் இன்னும் முடிவாகல, விஷயம் அவ்வளவுதான். ஆனா நம்ம ஊர்க்காரங்களுக்கு இனிஷியல்னா என்னன்னு நான் சொல்லணுமா? கல்யாணப் பத்திரிகைல மாப்பிள்ளை இனிஷியல் மாறி அச்சாயிட்டா வீட்ல என்ன ரகளை நடக்கும், ரேஷன் கார்டுல ஒண்ணு ஆதார்ல ஒண்ணுன்னு இருந்துட்டா எத்தனை நடை நடக்கணும். இது கல்லுல வேற வெட்டிட்டாங்க.

ரசிகர்கள் சும்மா விடல. ஒரு கோஷ்டி, அது ரெண்டு பேருக்கும் படிக்கற காலத்துல இருந்த ஏதோ ஒரு கேலிப் பேருன்னாங்க. இன்னொரு கோஷ்டி, அந்த எபிசோடே வேற ஒரு இணை உலகத்துல நடந்துச்சு, அங்க அவர் பேரே அப்படித்தான்னாங்க. எனக்கு மனசுக்குப் பிடிச்சது மூணாவது. தன்னைக் கடவுள்னு சொல்லிக்கற ஒருத்தனுக்குப் பழைய சிநேகிதனோட இனிஷியல் தெரியல, அதாவது அவன் கடவுள் இல்ல, அதுதான் அத்தாட்சி.

இதுக்கு மேல ஒண்ணு நான் சேர்த்துப்பேன். அந்த எபிசோட் கடைசியைப் பாருங்க. மிட்செல் செத்துட்டான். கர்க் தன்னோட பதிவேட்டுல எழுதறாரு, மிட்செல் கடமைல உயிர் விட்டதாத்தான் எழுதறாரு, அவனோட பணிப் பதிவு அப்படித்தான் முடியணும், அவனுக்கு நடந்ததை அவனா கேட்டு வாங்கலைன்னு சொல்றாரு. பக்கத்துல நிக்கற ஸ்பாக், உணர்ச்சியே வேண்டாம்னு வளர்ந்த ஸ்பாக், நானும் அவனுக்காக வருத்தப்பட்டேன்னு சொல்வாரு. பாருங்க, ஒருத்தன் சிநேகிதனோட பேரைக் கல்லுல தப்பா எழுதறான், அந்த சிநேகிதன் அவன் பேரைப் பதிவேட்டுல மரியாதையோட எழுதி முடிக்கறாரு. எடுத்தவங்க இதை யோசிச்சு எடுக்கல, தெரியும். ஆனா அந்தத் தப்பான ஒத்த எழுத்து இல்லைன்னா எனக்கு இது தோணியே இருக்காது. ரூம்மேட் இதை ஒத்துக்க மாட்டா, அவ கேலிப் பேரு கோஷ்டி.

அடுத்தது கிளிங்கான். எதிரி இனம், சண்டைக்காரங்க. 1967ல முதல்முதலா வந்தப்ப சாதாரண மனுஷ நெத்திதான், கொஞ்சம் கருப்புப் பூச்சு, தாடி மீசை, அவ்வளவுதான், அதுக்கு மேல காசு இல்ல. 1979ல சினிமாவா வந்தப்ப பாத்தா நெத்தி பூரா முகடு முகடா எலும்பு! நம்ம சீரியல்ல "இனி இவருக்குப் பதில் இவர்"னு கீழ ஒரு வரி போட்டுட்டு வேற ஆளைக் கொண்டு வந்துடுவாங்க, நாமளும் ரெண்டு நாள்ல பழகிடுவோம். இங்க அந்த ஒரு வரியைக்கூட யாரும் போடல. அப்ப ரசிகர்கள் என்ன பண்ணுவாங்க? அதேதான். ரெண்டு இனம்னாங்க, ஆபரேஷன்னாங்க, மனுஷனோட கலப்புன்னாங்க, நோய்னாங்க. 1996ல, முப்பதாவது வருஷத்துக்காக எடுத்த எபிசோட்ல, பின்னால வந்த ஒரு ஸ்டார் ட்ரெக் தொடரோட ஆளுங்க காலத்துல பின்னாடி போய் அந்தப் பழைய கப்பலுக்கே போவாங்க, வொர்ஃப்ங்கற முகட்டு நெத்தி கிளிங்கானும் கூடப் போவாரு. அங்க இருக்கற வழவழ நெத்தி ஆளுங்களைக் காட்டி இது என்னய்யான்னு கேப்பாங்க. வொர்ஃப் முகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டு, இதை நாங்க வெளி ஆளுங்ககிட்ட பேசறதில்லைன்னுடுவாரு. குடும்ப விஷயம்! அப்புறம் 2005ல ரெண்டு எபிசோட் எடுத்து, மரபணுவை மாத்தப் போய் பரவின ஒரு வைரஸாலதான் ஒரு தலைமுறைக்கு நெத்தி அப்படி ஆச்சுன்னு ஒரு வழியா கதையிலேயே சொன்னாங்க.

இப்ப நான் ரொம்ப ஆசையா சொல்ல வந்த விஷயம். 1967ல நியூயார்க்ல ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து ஸ்பாக்கனாலியான்னு ஒரு ரசிகர் பத்திரிகை கொண்டு வந்தாங்க. ஸ்டார் ட்ரெக்குக்குன்னே வந்த முதல் ரசிகர் பத்திரிகைன்னு அதைத்தான் சொல்றாங்க. நம்ம ஊர் ஆபீஸ்ல ஸ்டென்சில்ல டைப் அடிச்சு சைக்ளோஸ்டைல் எடுப்பாங்களே, மை கையெல்லாம் ஒட்டுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான், வீட்டு மேஜைல பக்கம் அடுக்கிப் பின் அடிச்சு தபால்ல அனுப்பறது. இந்த மாதிரி பத்திரிகைகளை எழுதினவங்கள்ல பெரும்பாலும் பொண்ணுங்க, இதை நான் அழுத்திச் சொல்லணும். ஸ்பாக்கோட கிரகம் வல்கன், அங்க பேசற பாஷை எப்படி இருக்கும்? டிவில ஒண்ணும் பெரிசா சொல்லல. ரசிகர்கள் சும்மா விடுவாங்களா? டொரத்தி ஜோன்ஸ் ஹெய்ட்டுன்னு ஒருத்தங்க தானே வார்த்தை உண்டாக்கினாங்க. அதுல ஒண்ணு நி வார். ரெண்டு வடிவம்னு பொருள், ஒரே விஷயத்தோட ரெண்டு பக்கத்தையும் ரெண்டு குரல்ல சொல்ற ஒரு கவிதை வகை. பாதி மனுஷன் பாதி வல்கன் ஸ்பாக், அவருக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்க!

அந்த வார்த்தை சைக்ளோஸ்டைல் பக்கத்தோட நின்னுடல. முதல்ல கதைக்குள்ள ஒரு கப்பலுக்குப் பேராச்சு. அப்புறம் 2020ல, டிஸ்கவரிங்கற ஸ்டார் ட்ரெக் தொடரோட ஒரு எபிசோட்ல, வல்கன் ஜனங்களும் அவங்ககிட்டேர்ந்து பிரிஞ்சு போன ரோமுலன் ஜனங்களும் மறுபடி ஒண்ணாகி ஒரே கிரகத்துல வாழறாங்க, அந்த வல்கன் கிரகத்துக்கே இப்ப பேரு நி வார். 53 வருஷம்! 1967ல யாரோ ஒரு ரசிகை உண்டாக்கின ரெண்டு சொல்லு, ஒரு கிரகத்துக்குப் பேரா நிக்குது. அதைப் பாத்த அன்னிக்கு ரூம்மேட்டுக்கு போன் போட்டேன், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரெண்டு விரலைக் காட்றாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். கப்பல்ல தகவல் தொடர்பைப் பாத்துக்கற அதிகாரி உஹுராவைப் பத்தி நிறைய எழுதி வெச்சிருந்தேன். மார்ட்டின் லூதர் கிங் போகாதன்னு சொன்னதால நிஷெல் நிக்கல்ஸ் அந்த வேஷத்துல நீடிச்ச கதை, அதை முழுசா சொல்ல நேரம் இல்ல. பேரை மட்டும் சொல்லிடறேன். அந்தப் பழைய தொடர் முழுக்க உஹுராவுக்கு முதல் பேரே கிடையாது. 1982ல வில்லியம் ராட்ஸ்லர்னு, ரசிகர் பத்திரிகைகளுக்குப் படம் போட்டே பேரெடுத்தவர், ஒரு புத்தகத்துல நியோட்டான்னு பேரு வெச்சாரு. ஸ்வாஹிலில நட்சத்திரம்னு அர்த்தம். புத்தகத்துலதான், திரையில இல்ல. 2009ல வந்த படத்துல, இளவயசு கர்க் ஆரம்பத்துலேர்ந்து உன் பேரென்ன உன் பேரென்னன்னு அவகிட்ட கேட்டுட்டே இருப்பான், அவ சொல்லவே மாட்டா. கடைசில ஆபத்தான ஒரு இடத்துக்குக் கிளம்பற நேரத்துல ஸ்பாக் அவகிட்ட விடைபெறுவான், மெதுவா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். பக்கத்துல நிக்கற கர்க் காதுல விழுந்துடும். அப்ப அவ பேரு நியோட்டாவான்னு கேப்பான்.

அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னுடுவான் ஸ்பாக்.