ஸ்டவ் ஸ்டாண்டில் கஞ்சியும் எண்ணெயும்

நேயர்களுக்கு வணக்கம்.

சோறு வடிக்கிற வீட்டில் அடுப்பு சுத்தமாக இருக்க நேரமேது? காலையில் பால் பொங்கும், பகலில் கஞ்சி பொங்கும், தாளிக்கும்போது எண்ணெய் தெறிக்கும். எல்லாம் போய்ப் படிகிற இடம், பாத்திரத்தைத் தாங்கும் அந்தக் கறுப்பு இரும்பு. ஸ்டவ் ஸ்டாண்டு என்கிறோமே, அதுதான். கஞ்சி ஊறினால் விட்டுவிடும். எண்ணெய் விடாது. சூட்டில் இறுகி இறுகி அரக்கு மாதிரி ஆகிவிடும்.

தேய்ப்பதற்கு முன் ஸ்டாண்டு எந்த வகை என்று பாருங்கள். கண்ணாடி போல வழவழவென்று மின்னினால் மேலே எனாமல் பூச்சு. மங்கலாக, சொரசொரவென்று இருந்தால் பூச்சில்லாத வார்ப்பிரும்பு. அடியில் ரப்பர் குமிழ் இருந்தால் கழற்றி வையுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் தண்ணீர் படவேண்டும். வார்ப்பிரும்பு வளைந்துகொடுக்காது, சூட்டில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.

மேலாக இருக்கும் கறைக்கு 3 மேசைக்கரண்டி ஆப்ப சோடாவை 1 மேசைக்கரண்டி தண்ணீரில் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் விட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். அரக்காக இறுகியதற்கு இது போதாது. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி சோடா போட்டு, ஸ்டாண்டை அமுக்கி வைத்து 15 நிமிடம் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க ஆப்ப சோடா சலவை சோடாவாக மாறிக் காரத்தன்மை ஏறும். எண்ணெய்ப் படலம் இளகும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், கறுத்துப்போகும்.

சோடாவின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து, நுரை வருவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறார்கள். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்வதுதான் அந்த நுரை. மிஞ்சுவது உப்புத்தண்ணீர்.

புளிப்புக்கு வேறு வேலை இருக்கிறது: துரு. எலுமிச்சை அளவு புளியை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து, பூச்சில்லாத ஸ்டாண்டில் துருப் பிடித்த இடத்தை 20 நிமிடம் ஊறவையுங்கள். இரவு முழுக்கப் போட்டுவைத்தால் துருவோடு இரும்பையும் அரித்துவிடும். எடுத்ததும் சோடா கலந்த தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். எனாமலுக்குப் புளி வேண்டாம்.

நம் பக்கத்து அரிசி ஆலைகளில் கிடைக்கும் உமிச்சாம்பலும் நல்ல தேய்ப்பான்தான். ஆனால் அதில் பெரும்பகுதி சிலிக்கா, மணல் மாதிரி. பூச்சில்லாத இரும்புக்குச் சரி, எனாமலில் கீறல் விழும். கல்லுப்பு வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். இடுக்கில் தங்கிய உப்பு ஈரத்தை இழுக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் காற்றே உப்பு, நாமும் சேர்ப்பானேன்?

கழுவியதோடு நிறுத்துகிறவர்கள் வீட்டில்தான் மறுநாள் செம்மண் நிறத்தில் துரு நிற்கும், அதுவும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். துணியால் துடைத்து, அடுப்பில் வைத்துச் சிறுதீயில் 4 நிமிடம் ஈரம் போகக் காட்டுங்கள். இளஞ்சூட்டில், பூச்சில்லாத ஸ்டாண்டுக்கு நல்லெண்ணெய் அரைத் தேக்கரண்டி போதும். பூசியதை முழுக்க எடுத்துவிடப்போகிற மாதிரி வேறொரு துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். மிஞ்சுகிற மெல்லிய பூச்சு, அடுப்பு எரிய எரியப் படலமாக இறுகித் துருவைத் தடுக்கும். முதலில் கொஞ்சம் புகையும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் அவ்வளவாக இறுகாது. எனாமலுக்கு எண்ணெய் தேவையில்லை. பூச்சு பெயர்ந்த இடத்தில் மட்டும் ஒரு துளி தொட்டுவையுங்கள்.

மறுநாள் தொட்டால் பிசுபிசுக்கிறதா? எண்ணெய் அதிகமாகிவிட்டது. மறுபடி அடுப்பில் காட்டிப் பாருங்கள். அப்போதும் ஒட்டினால், அந்த இடத்தை மட்டும் சோடா வைத்துத் தேய்த்து, பாதி எண்ணெயில் திரும்பப் பூசுங்கள்.

வணக்கம்.